நெட் கனெக்‌ஷன் எடுக்கப் போறீங்களா? கம்பெனி பேரைப் பார்க்காதீங்க... கம்பத்தைப் பாருங்க!

புதுச்சத்திரம்: "ஏனுங்க, உங்க ஊட்டுல நெட்டு வருதுங்களா?"

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலை ஓரம் டீக்கடையில் நின்றால் முட்டை விலை, மழை, மின்தடை ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாகக் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் வீட்டிலும் ஒரு கனெக்‌ஷன் இருக்கும். பதில் சொல்பவர் வீட்டிலும் இருக்கும். சில நேரம் இரண்டு பேரும் ஒரே கம்பெனிதான். ஆனால் ஒருத்தர் வீட்டில் மகள் லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள், இன்னொருத்தர் வீட்டில் டிவியில் வட்டம் சுத்திக்கிட்டே நிற்கிறது.

ஒரே கம்பெனி, ஒரே பிளான், ஒரே காசு. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

நாமக்கல் மாவட்டத்தின் 15 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று புதுச்சத்திரம். நெடுஞ்சாலையை ஒட்டிக் கடைவீதி, பாச்சல் பக்கம் என்ஜினீயரிங் கல்லூரிகள், உள்ளே போனால் மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, தோட்டத்துக்கு நடுவே தனித்தனி வீடு. சென்னையில் ஒரு அபார்ட்மென்டுக்கு நாலு கம்பெனி போட்டி போட்டு வருவான். இங்கே அந்தக் கதை நடக்காது. தெருவுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. தோட்டத்து வீட்டுக்கு அதுவும் சந்தேகம். அதனால் பட்டணத்துக்காரர்கள் சொல்லும் யோசனையைக் கேட்டு இங்கே கனெக்‌ஷன் எடுத்தால் காசும் போகும், நெட்டும் வராது.

ரீசார்ஜ் கணக்கு

வீட்டுக்கு நெட் வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்ததற்குப் பெரிய காரணம் 2024 ஜூலை. அந்த மாதம் 3ந் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், அடுத்த நாள் வோடபோன் ஐடியாவும் செல்போன் கட்டணத்தை ஏற்றின. தினம் ஒன்றரை ஜிபி கிடைத்த ஜியோவின் 239 ரூபாய் பேக் ஒரே அடியில் 299 ஆனது. அதுவும் 28 நாளைக்கு. மாசம் என்று பேர், ஆனால் வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை!

நாலு போன் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு போனுக்கு 299 வீதம் 13 தடவை, ஆக 3,887 ரூபாய். நாலு போனுக்கு 15,548 ரூபாய். வருஷம் பூரா இது கரையுது, வீட்டு டிவிக்கோ லேப்டாப்புக்கோ பிரயோஜனம் இல்லை.

இதையே வீட்டு லைனாகப் போட்டால்? 2020 செப்டம்பரில் ஜியோ பைபர் 399 ரூபாய்க்கு 30 எம்பி வேகத்தில் ஒரு பிளான் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய அந்த விலைக்கு இறங்கி வந்தன. விளம்பரத்தில் 399 என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், 18 சதவீத ஜிஎஸ்டியைப் பொடி எழுத்தில் போடுவார்கள். கூட்டினால் கிட்டத்தட்ட 471 ரூபாய். வருஷத்துக்கு 5,650.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் நெட் வந்ததும் போன் ரீசார்ஜை அப்படியே விட்டுவிட முடியாது. வெளியே போனால் பேச வேண்டும், ஓடிபி வர வேண்டும். இதற்கு ஒரு வழி 2024 டிசம்பரில் பிறந்தது. நெட் வேண்டாம், பேச்சும் எஸ்எம்எஸ்சும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி பேக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளைக்கு 1,849 ரூபாய் என்று ஒரு பேக் விட்டது. ஜியோவும் இதே மாதிரி விட்டது.

இப்போ கணக்கைப் பாருங்க. நாலு போனில் மூன்றைப் பேச்சு பேக்குக்கு மாற்றினால் 5,547. ஒன்றுக்கு மட்டும் டேட்டா, 3,887. வீட்டு லைன் 5,650. மொத்தம் 15,084. பழைய செலவை விட 464 ரூபாய் குறைவு, வீடு பூரா நெட்.

ஆனால் இரண்டு போனை மட்டும் மாற்றினால் மொத்தம் 17,122 ரூபாய். முன்னை விட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். ஆக, வீட்டு நெட் எடுத்தால் காசு மிச்சம் என்று ஏஜென்ட் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். வீட்டோடு இருக்கும் அப்பத்தா, தாத்தா, அம்மா போன்களை மாற்றினால்தான் மிச்சம். எல்லாரும் காலையில் வெளியே கிளம்பிவிடும் வீடு என்றால் அது வசதிக்குக் கொடுக்கும் காசு, சிக்கனம் இல்லை. விலையெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். கையில் இருக்கும் அன்றைய விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

லைனை யார் கொண்டுவருகிறார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டா ஒன்' என்ற பெயரில் பிராட்பேண்டைத் தொடங்கியபோது கேள்வியே கிடையாது. வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் நெட், இல்லாவிட்டால் இல்லை. 500 ரூபாய் பிளான் எடுத்தவர்கள் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை ப்ரீ என்பதற்காக அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கிய காலம் அது. லைன் கெட்டால் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன்மேன் வருவார். கம்பெனியும் அவர்தான், கம்பமும் அவருடையதுதான்.

இன்று அப்படி இல்லை. செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. பிஎஸ்என்எல் பைபர் என்றாலும் கிராமப்புறங்களில் பெரும்பாலும் வீடு வரைக்கும் ஒயர் இழுப்பது, மோடம் மாட்டுவது, கெட்டால் சரி செய்வது எல்லாம் உள்ளூர்ப் பங்குதாரர். வரும் கட்டணத்தில் அவருக்கு ஒரு பங்கு. அவர் பெரும்பாலும் நேற்று வரை கேபிள் டிவி நடத்தியவராக இருப்பார், இன்றும் நடத்துவார். ரயில்வேயின் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல் 'ரயில்வயர்' என்ற பெயரில் கொடுக்கும் இணைப்பும் இதே முறைதான், தண்டவாளம் ஓரம் போகும் பைபரிலிருந்து உள்ளூர்க்காரர் மூலம் வீட்டுக்கு வரும். சேலம் – கரூர் பாதையில் ராசிபுரம், நாமக்கல் வழியாக 2013ல் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தபோது இதை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து சின்ன கம்பெனிகள். இன்டர்நெட் கொடுக்க மத்திய அரசு மூன்று வகையில் லைசென்ஸ் தருகிறது. 'ஏ' என்றால் நாடு முழுக்க, 'பி' என்றால் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு, 'சி' என்றால் அதை விடச் சின்ன ஏரியாவுக்கு. பேர் கேள்விப்படாத கம்பெனி என்றாலே மோசடி என்று ஒதுக்க வேண்டியதில்லை. இவர்கள் பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர்கள், முட்டை மண்டிக்காரர் மாதிரி. நல்லவரும் உண்டு, வாங்கியது நூறு தட்டு, விற்றது முந்நூறு தட்டு என்று கணக்கு காட்டுபவரும் உண்டு.

2019 செப்டம்பர் 5ந் தேதி வணிக ரீதியாக வந்த ஜியோ பைபர், ஏர்டெல் பைபர் போன்ற பெரிய தனியார்கள் நாலாவது ரகம். இவர்கள் லைன் நம்ம தெரு வரைக்கும் வந்திருக்கிறதா என்பதை அவர்கள் ஆப்பில் போன் நம்பரும் முகவரியும் போட்டுப் பார்க்கலாம். ஆப் 'இருக்கு' என்று சொல்லும், ஆள் வந்து பார்த்துவிட்டு 'பாக்ஸ் ஃபுல்லுங்க' என்று போய்விடவும் கூடும்.

ஆக, பில்லில் யார் பேர் இருந்தாலும், மழை பேய்ந்து ஒயர் அறுந்தால் ஏணியோடு வருவது உள்ளூர் ஆள்தான். வித்தியாசத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கம்பெனியை எடுப்பதாக நினைத்துக்கொண்டு நாம் எடுப்பது ஒரு ஆளை.

ஒரு இழை, 64 வீடு

பைபர் என்றால் ஆளுக்கு ஒரு தனி லைன் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கிடையாது. எக்ஸ்சேஞ்சிலோ கேபிள்காரர் ரூமிலோ இருக்கும் பெட்டியிலிருந்து தலைமுடி தடிமனுக்கு ஒரு கண்ணாடி இழை கிளம்பும். கம்பத்தில் தொங்கும் சின்ன டப்பாவில் அது 8, 16, 32, 64 என்று பிரியும். ஜிபான் என்று சொல்லப்படும் இந்த முறையில் அந்த ஒரு இழையில் வரும் மொத்த வேகம் சுமார் 2,500 எம்பி. 64 வீடும் ஒரே நேரத்தில் முழுசாக இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிதான் தேறும். நூறு எம்பி பிளான் எடுத்தவருக்கும் அதே 39.

பயப்பட வேண்டாம், 64 வீடும் ஒரே நொடியில் இழுக்காது. நிஜமான அடைப்பு பெரும்பாலும் அங்கே இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. உள்ளூர்க்காரர் மேலிருந்து எவ்வளவு வாங்கி எத்தனை பேருக்குப் பிரிக்கிறார் என்பதில். காலை 11 மணிக்கு ஏஜென்ட் வந்து மோடத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டுவார், நூறு வரும். ராத்திரி 8 மணிக்கு சீரியல், கிரிக்கெட், பையன் கேம் எல்லாம் சேரும்போது போட்டுப் பார்த்தால் வண்டவாளம் தெரியும். அதனால் எந்த லைனை எடுக்க நினைக்கிறீர்களோ, அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு ராத்திரி எட்டு, எட்டரைக்குப் போய் ஒரு தடவை டெஸ்ட் போட்டுப் பாருங்க. பக்கத்து ஊர் மச்சான் வீட்டில் போட்டுப் பார்ப்பது செல்லாது. அது வேறு டப்பா, வேறு இழை.

வேகக் கணக்கில் இன்னொரு குழப்பம். பிளானில் போடும் எம்பிபிஎஸ்சை நாமக்கல்காரர்கள் டாக்டர் படிப்பு என்று நினைத்தால் தப்பில்லை, அதற்குப் பேர் போன ஊர். இது மெகாபிட். போனில் படம் இறங்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். 30 எம்பி பிளானில் நொடிக்கு 3.75 மெகாபைட் வந்தால் ஏமாற்றவில்லை, சரியாகத்தான் வருகிறது. 700 எம்பி படம் மூணு நிமிஷத்தில் இறங்கிவிடும். அரசாங்கக் கணக்கில் பிராட்பேண்ட் என்பதற்கு 2004ல் 256 கேபி போதும் என்றிருந்தது, 2013ல் 512 கேபி ஆனது, 2023ல்தான் 2 எம்பி ஆனது. நாலு பேர் உள்ள சாதாரண வீட்டுக்கு ஒழுங்காக வரும் 30 எம்பி தாராளம். 300 எம்பிக்குக் காசு கொடுத்துவிட்டு மோடத்தைச் சாமி ரூம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் பின்ரூமில் 5 எம்பிதான் வரும். கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வைபை பாதி செத்துவிடும்.

'அன்லிமிடெட்' என்பதும் அப்படியே. பைபர் பிளான்களில் மாசம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு வைப்பது வழக்கம், அதைத் தாண்டினால் வேகம் குறையும். சாதாரண வீடு அதைத் தொடவே தொடாது. ஏர்பைபரில் அந்த வரம்பு 1,000 ஜிபியாக வந்தது. பெரிய டிவியில் நாள் பூரா படம் ஓடும் வீடு யோசிக்க வேண்டிய இடம் அது.

தோட்டத்து வீடு என்ன செய்யும்?

ஊருக்குள் இருப்பவர்களுக்கு இவ்வளவும் சரி. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே பண்ணை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? அந்த ஒரே வீட்டுக்காகக் கம்பம் கம்பமாக ஒயர் இழுக்க எந்தக் கம்பெனியும் முன்வராது. உள்ளூர்க்காரர் இழுப்பார், ஒயர் செலவைக் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அந்த ஒயர் யாருக்குச் சொந்தம், நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் அதையே பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். இதைக் கேட்க மறந்தால் செலவும் செய்துவிட்டு ஒருத்தரிடமே மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

இன்னொரு வழி ஏர்பைபர். 2023 செப்டம்பர் 19ந் தேதி சென்னை உள்பட எட்டு நகரங்களில் ஜியோ இதைத் தொடங்கி, பிறகு சின்ன ஊர்களுக்கும் கொண்டுவந்தது. ஏர்டெல்லும் வைத்திருக்கிறது. ஒயரே கிடையாது, மொட்டை மாடியில் ஒரு டப்பா, அது 5ஜி டவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆனால் அந்த டவரை நம்பி ஊர்ப்பட்ட செல்போனும் இருக்கிறது. கூட்டம் சேர்ந்தால் வேகம் இறங்கும். தென்னை மரம் குறுக்கே வளர்ந்தாலும் இறங்கும். வாங்கும் முன் அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போனை மாடிக்கு எடுத்துப் போய், ராத்திரி நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்தால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

கோழிப்பண்ணைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. வீட்டுக்காரருக்கு வேண்டியது இறங்கும் வேகம், பண்ணைக்காரருக்கு ஏறும் வேகம். நாலு கேமரா வைத்து வீட்டிலிருந்து போனில் பார்க்க நினைத்தால் கேமராவுக்கு 2 எம்பி வீதம் 8 எம்பி எந்நேரமும் மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பைபரில் இது ஒரு பொருட்டே இல்லை. டவர் வழி நெட்டில் ஏறும் வேகம் எப்போதுமே மட்டம்தான். விளம்பரத்தில் அதைப் பெரும்பாலும் போடுவதும் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். முட்டை விலை பார்க்கவும் லோடு அனுப்பவும் மட்டும் என்றால் சாதாரண 4ஜி போதும், டப்பாவுக்குத் தண்டம் அழ வேண்டாம். பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தயாரிப்பு 4ஜியைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27ந் தேதி ஒடிசாவில் தொடங்கி வைத்தார். அந்த டவர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் ஒரு கை பார்க்கலாம். செயற்கைக்கோள் நெட் கொடுக்க ஸ்டார்லிங்க்குக்கு 2025ல் மத்திய அரசு லைசென்ஸ் கொடுத்தது, ஆனால் அது முட்டைக் காசில் கட்டுப்படியாகும் சங்கதியாகத் தெரியவில்லை.

'நாளை மின்தடை' என்றால் நெட்டும் தடையா?

காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின் நிறுத்தம் என்ற அறிவிப்பு மாசா மாசம் வருவது. அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் படும் பாடு சொல்லி மாளாது. கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது, உண்மை. ஆனால் அதன் இரண்டு முனையிலும் கரண்ட் வேண்டும். ஒரு முனை நம்ம வீட்டு மோடம், இதற்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். மறு முனை கேபிள்காரர் ரூம். அங்கே பேட்டரி இல்லை என்றால் நம்ம வீட்டு யுபிஎஸ் சும்மா கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கனெக்‌ஷன் எடுக்கும் முன் எல்லாரும் கேட்கும் கேள்வி 'ஓடிடி எத்தனை வருது?' யாரும் கேட்காத கேள்வி 'உங்க ரூம்ல பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குங்க?' இரண்டாவதுதான் மாசத்தில் ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றும்.

கோடை மழைக்கு இடி விழுந்தால் பைபர் வழியாக மின்னல் வராது. செம்பு லைன் காலத்தில் மோடம் வெடித்த மாதிரி இப்போது ஆவதில்லை. ஆனால் கரண்ட் பிளக் வழியாக வரும், அடாப்டர் புகைந்துபோகும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்ற பழைய பழக்கத்தை விட வேண்டாம்.

நெட் நின்றுவிட்டால் மோடத்தைப் பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதற்கு முன்னால் அதன் முகத்தைப் பாருங்க. 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு லைட் எரிந்தால் ஒயரிலோ மறு முனையிலோ கோளாறு. ஜேசிபி எங்கேயோ தோண்டியிருக்கும், லாரி பாரம் கம்பத்து ஒயரை இழுத்துவிட்டிருக்கும், எலி கடித்திருக்கும். நாம் என்ன செய்தாலும் வராது, ஆள் வந்துதான் ஆக வேண்டும். போனில் "நெட்டு வரலைங்க" என்பதற்குப் பதில் "லாஸ் சிவப்பு எரியுதுங்க" என்றால் வேலை சீக்கிரம் நடக்கும். சிவப்பு இல்லாமல் நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் பணம் கட்டாத கணக்கு அல்லது கம்பெனி பக்கத்து சமாச்சாரம். புதுசாக மாட்டும்போது டெக்னீஷியன் கையில் சின்ன மீட்டர் வைத்திருப்பார். அதில் மைனஸ் 20, 22 என்று காட்டினால் நல்ல லைன். மைனஸ் 27 என்று காட்டினால் இன்றைக்கு ஓடும், நாளைக்குத் தகராறு. அப்போதே ஜாயின்ட்டைச் சரி பண்ணச் சொல்வதோடு மீட்டரை ஒரு போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

பில் கேட்டால் முறைக்கிறாரா?

ஆறு மாசம், ஒரு வருஷம் முன்பணம் கட்டினால் மோடம் இலவசம், இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் தடவை எடுப்பவர் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டிப் பார்ப்பதே உத்தமம். ஐந்நூறு, ஆயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. ஒரு வருஷம் கட்டிய பிறகு கூப்பிட்டால் போனை எடுக்க அவருக்கு என்ன அவசரம்? அதே மாதிரி மோடம் யாருடையது, திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் வருமா என்பதைப் பேசி எழுதி வாங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் பில். "மாசம் நானூறு கையில கொடுங்க, பில்லெல்லாம் எதுக்குங்க?" என்று சொல்லும் லைன் எவ்வளவு வேகமாக வந்தாலும் வம்பு. பில் இல்லாவிட்டால் நான் வாடிக்கையாளர் என்று நிரூபிப்பதே கஷ்டம். பில் இருந்தால் என்ன கிடைக்கும்? 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் விதிப்படி, பணம் கட்டியதும் 98 சதவீத இணைப்புகளை 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். லைன் கோளாறு மூன்று நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு இழப்பீடாகக் கட்டணச் சலுகை கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு ஆதாரம் தேவை. கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் "அண்ணா நெட் வரல" என்று அனுப்பியது கணக்கில் வராது. கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் செய்து டாக்கெட் நம்பர் வாங்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், பைசா செலவு கிடையாது. டிராய்க்கு எழுதினால் வேலையாகாது, தனி ஆள் புகாரை அது நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று கம்பெனிகள் ரொம்ப காலம் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

சரி, உள்ளூரில் ஒரே ஆள்தான் லைன் வைத்திருக்கிறார், அவரிடம் சண்டை போட்டால் நாளைக்கு யார் வருவார்? நியாயமான பயம். கோர்ட்டும் கேசும் இதற்கு மருந்தாகாது. இரண்டாவது லைன் வந்தால்தான் முதல் ஆள் போனை முதல் ரிங்கிலேயே எடுப்பார்.

பஞ்சாயத்து ஆபீசில் ஒரு பெட்டி

அந்த இரண்டாவது லைன் எங்கிருந்து வரும்? அதற்கான பதில் பல ஊர்களில் பஞ்சாயத்து ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நாட்டின் எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011லேயே மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பிறகு 'பாரத்நெட்' என்று பேர் மாறியது. தமிழ்நாட்டில் இதைச் செய்ய 2018ல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், சுருக்கமாக 'டான்பிநெட்', தொடங்கப்பட்டது. இலக்கு 12,525 கிராம ஊராட்சிகள். 2020ல் டெண்டரில் குளறுபடி என்று புகார் கிளம்பி, மத்திய அரசு அதை ரத்து செய்யச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியதில் காலம் ஓடியது. பள்ளிக்கூடம் மூடி, செல்போனில் பாடம் நடந்து, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மொட்டை மாடிக்கும் வரப்புக்கும் அலைந்த அதே 2020. ஒரு டெண்டர் தகராறின் விலை என்ன என்பது அந்த வருஷம் பத்தாவது, பிளஸ் டூ படித்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு வேலை நடந்தது. ஒயரில் 85 சதவீதம் மின்கம்பம் வழியாகவும் 15 சதவீதம் தரைக்கு அடியிலும் போடுவது என்று திட்டம். பஞ்சாயத்து ஆபீசிலோ சேவை மையத்திலோ ஒரு ரேக், ரவுட்டர், யுபிஎஸ் வைப்பார்கள். ஒரு ஊராட்சிக்கு 1 ஜிபி வேகம். ஒயரைத் திருடிப் பயனில்லை, உள்ளே செம்பு கிடையாது, எடைக்குப் போட்டாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான்.

ஆனால் அந்தப் பெட்டி வரைக்கும்தான் அரசு வேலை. பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மறுபடியும் ஒரு உள்ளூர்ப் பங்குதாரர் வேண்டும். ஏற்கெனவே லைன் வைத்திருப்பவருக்கு இதில் அவ்வளவு ஆர்வம் இருக்காது. புதுசாக யாராவது படித்த பையன், ஒரு ஏணி, ஒரு ஸ்பிளைசிங் மிஷினோடு இறங்கினால்தான் உண்டு. ஸ்பிளைசிங் மிஷின் விலையைக் கேட்டால் பையன் யோசிப்பான், கடன் கிடைத்தால் இறங்குவான்.

பெட்டியே சில இடங்களில் கரண்ட் இல்லாமல் தூங்கவும் கூடும். ரூம் பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. நம்ம ஊராட்சியில் அது வந்துவிட்டதா, பச்சை லைட் எரிகிறதா, வீட்டுக்கு இணைப்பு கொடுக்க யாரை நியமித்திருக்கிறார்கள் என்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம், பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது.